கொடுத்த மன்னிப்பை வாங்க ஆளில்லை

பெலிசியா சாண்டர்ஸ் ஒரே வழக்கில், ஒரே ஆளைப் பற்றி, ஒரு மாத இடைவெளியில் இரண்டு விதமாகப் பேசினார். 2016 டிசம்பரில் சாட்சி சொன்னபோது, இவனுக்குப் பூமியில் இடம் கிடையாது, நரகக் குழிதான் இவனுக்கு இடம் என்றார். 2017 ஜனவரியில் தண்டனை அறிவித்த நாளில் அவனைப் பார்த்து, உன்னை மன்னித்துவிட்டேன், நான் செய்யவேண்டியிருந்தவற்றில் சுலபமானது அதுதான் என்றார். தன்னைத் திருத்திக்கொள்ள விரும்பாதவனுக்கு யாரும் உதவ முடியாது என்றும் சேர்த்துச் சொல்லி, கடவுள் உன் ஆன்மாவுக்கு இரங்கட்டும் என்று வேண்டினார்.

இதில் எது கிறிஸ்தவம் என்று கேட்பவர்கள் உண்டு. முதல் பேச்சு ஆத்திரத்தில் வந்தது, இரண்டாவதுதான் உண்மையான விசுவாசம் என்று பிரசங்கிகள் பலர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். இந்த இதழ் அப்படி நினைக்கவில்லை. அந்த அம்மா இரண்டு நாளும் சரியாகவே பேசினார். தப்பாகப் பேசியவர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள்.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரத்துக் கல்ஹூன் தெருவில் இருக்கிறது இமானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் தேவாலயம். கறுப்பின மக்கள் அதை 'தாய் இமானுவேல்' என்றே சொல்வார்கள். அடிமைகளாக இருந்தவர்களும் விடுதலை பெற்றவர்களும் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உண்டாக்கிய சபை அது. 1822இல் அடிமைக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று டென்மார்க் வீசி தூக்கிலிடப்பட்டபோது, அவர் இந்தச் சபையோடு சேர்ந்தவர் என்பதற்காக ஆலயத்தையும் அழித்தார்கள். 1834இல் கறுப்பர்கள் தனியாகக் கூடித் தொழுவதையே நகரம் தடைசெய்தது. பல பத்தாண்டுகள் ஒளிந்து ஜெபித்த சபைக்கு இன்றைய கட்டடம் 1891இல்தான் எழுந்தது.

2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு அங்கே வேதபாட வகுப்பு. 21 வயது வெள்ளை இளைஞன் டிலன் ரூஃப் உள்ளே வந்தான். போதகரும் மாநில செனட் உறுப்பினருமான கிளமென்டா பிங்க்னி அவனைத் தன் அருகில் உட்காரவைத்து, பாடத்தாளையும் கொடுத்தார். அன்றைக்குப் பாடம், மாற்கு நற்செய்தியில் வரும் விதைப்பவன் உவமை. அரை மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்து கேட்டான். முடிவு ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியதும் துப்பாக்கியை எடுத்தான். 70 குண்டுகளுக்கு மேல். 9 பேர் செத்தார்கள். பெலிசியாவின் 26 வயது மகன் டைவான்சா அவர்களில் ஒருவர். 87 வயது சூசி ஜாக்சன் இன்னொருவர். பெலிசியா தன் சின்னப் பேத்தியைத் தரையோடு அழுத்திக்கொண்டு, செத்தவர்போலக் கிடந்து தப்பினார்.

இரண்டாம் நாள், ஜூன் 19, ஜாமீன் விசாரணை. சிறையிலிருந்து காணொளியில் ரூஃப் நின்றான். விசாரணையைத் தொடங்கிய நீதிபதி, இந்த இளைஞனின் குடும்பத்திலும் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று பேசினார். ஒன்பது பிணங்களும் இன்னும் அடக்கம் ஆகாத நேரத்தில் அதைச் சொல்ல அவருக்குத் தோன்றியது! பிறகு, உறவினர்கள் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். யாரும் பேச்சு எழுதிக்கொண்டு வந்திருக்கவில்லை. ஈத்தல் லான்ஸின் மகள் நடீன் காலியர் எழுந்து வந்தார். இனி என் அம்மாவோடு பேசவே முடியாது, அவளைக் கட்டிக்கொள்ள முடியாது, ஆனாலும் உன்னை மன்னிக்கிறேன் என்றார். மனைவி மைராவைப் பறிகொடுத்த போதகர் அந்தோணி தாம்சன் மன்னிப்போடு நிறுத்தவில்லை. மனந்திரும்பு, உன் பாவத்தை அறிக்கையிடு, கிறிஸ்துவிடம் வா என்று அவனுக்கே பிரசங்கம் செய்தார்.

உலகம் அசந்துபோனது. ஒரு வாரம் கழித்து, பிங்க்னியின் அடக்க ஆராதனையில் அதிபர் ஒபாமா கிருபையைப் பற்றியே பேசினார், பாடவும் செய்தார். ஜூலை 10 அன்று மாநிலச் சட்டமன்ற வளாகத்திலிருந்து அடிமை மாநிலங்களின் போர்க்கொடி இறங்கியது. இத்தனைக்கும் நடுவில் மன்னிப்பைப் பெற்றுக்கொள்ளவேண்டியவன் என்ன செய்தான் என்று பார்க்கப் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை.

அவன் சிறையில் குறிப்பேடு எழுதினான். வருத்தப்படவில்லை, செத்தவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று தெளிவாக எழுதினான். அரசுத் தரப்பு அதை நீதிமன்றத்தில் படித்துக் காட்டியது. தண்டனைக் கட்டத்தில் வழக்கறிஞர்களை ஒதுக்கிவிட்டுத் தானே வாதாடினான். கடைசிப் பேச்சிலும், அதைச் செய்தே ஆகவேண்டும் என்று அப்போது தோன்றியது, இப்போதும் அப்படியே தோன்றுகிறது என்றான். நடுவர் குழு மூன்று மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் மரண தண்டனை என்றது.

கேட்காதவனுக்குக் கொடுத்த மன்னிப்பு எங்கே போகிறது? கடவுள் அவனை என்ன செய்வார்? இதற்குக் கிறிஸ்தவத்தில் பதில் இருக்கிறது. மேடைகளில் அதைக் கேட்பதுதான் அபூர்வம். கேட்கிறவர் மனம் நோகாதபடி பேசுவதே பிரசங்கம் என்று ஆகிவிட்டது.

கல்வாரிக்குப் போவோம். தம்மை அறைந்தவர்களுக்காக இயேசு பிதாவிடம் மன்றாடியதாக லூக்கா எழுதுகிறார். பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் அந்த வசனம் இல்லை என்பது அறிஞர்களுக்குத் தெரிந்த விஷயம். திருச்சபை அதை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை, நாமும் விடவேண்டாம். ஆனால் அங்கே நடப்பது ஒரு மன்றாட்டு. மன்னிக்கும்படி பிதாவைக் கேட்கிறார். செய்வது இன்னதென்று அறியாமல் செய்கிறார்கள் என்று அவர்களுக்காகக் காரணமும் சொல்கிறார். ரூஃபுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. முன்கூட்டியே சார்ல்ஸ்டனுக்குப் பலமுறை வந்து போனவன், எதற்காகச் செய்யப்போகிறேன் என்று இணையத்தில் எழுதிவைத்துவிட்டு வந்தவன், அறியாமல் செய்தவன் ஆகமாட்டான்.

அந்தக் குன்றில் இன்னும் இரண்டு பேர் தொங்கினார்கள். ஒருவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், தனக்குக் கிடைத்தது நியாயமான தண்டனை என்றான், என்னை நினைத்துக்கொள்ளும் என்று கேட்டான். அவனுக்கு அன்றைக்கே பரதீசு. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் அவனை 'நல்ல கள்ளன்' என்று அன்போடு சொல்கிறார்கள். மற்றவன் ஏளனம் செய்தான். அவனுக்கு இயேசு சாபமும் கொடுக்கவில்லை, வாக்குறுதியும் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தையும் இல்லை. இரண்டு பேரும் அவருக்கு ஒரே தூரத்தில்தான் இருந்தார்கள். மன்றாட்டு இரண்டு பேர் காதிலும் விழுந்திருக்கும். மனந்திரும்பாதவனைப் பற்றிய கிறிஸ்தவப் போதனை முழுவதையும் அந்த மௌனத்துக்குள் படித்துவிடலாம் என்று நாம் எண்ணுகிறோம். கதவை அடைத்ததாகவும் அங்கே எழுதப்படவில்லை, அவன் உள்ளே வந்துவிட்டதாகவும் எழுதப்படவில்லை.

கெட்ட குமாரனின் கதையைச் சொல்லி மறுப்பவர்கள் உண்டு. தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொண்டார் என்பது உண்மை; மகன் எழுந்து வீட்டை நோக்கி நடக்க ஆரம்பித்த பிறகு ஓடிவந்தார். பன்றி மேய்த்த ஊருக்கு மோதிரத்தைக் கொடுத்தனுப்பவில்லை. அதே அதிகாரத்தில் காணாமல்போன ஆட்டைத் தேடி மேய்ப்பனே போகிறானே என்று கேட்டால், அது நல்ல கேள்வி. தேடுகிறார், கடைசிவரை தேடுகிறார் என்பதுதான் இந்த மதத்தின் பெருமை. தேடிப் போவது வேறு, வந்து சேர்ந்துவிட்டதாக எழுதிக்கொள்வது வேறு.

சபைகளுக்குள் எத்தனையோ சண்டை உண்டு. இந்த விஷயத்தில் மட்டும் ஆச்சரியமான ஒற்றுமை. கத்தோலிக்கருக்கு மனஸ்தாபம் இல்லாத பாவசங்கீர்த்தனம் செல்லாது. குருவானவர் மன்னிப்பு வாசகத்தை முழுக்கச் சொன்னாலும் செல்லாது. திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லாதவனுக்கும் அப்படியே. விசுவாசம் ஒன்றே போதும் என்று கிளம்பிய மார்ட்டின் லூத்தர் 1517இல் எழுதிய 95 வாதங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான். அவர் வழியில் வந்த டீட்ரிஷ் போன்ஹோஃபர், ஹிட்லரின் ஜெர்மனியில் 1937இல் வெளியிட்ட நூலில், மனந்திரும்புதலைக் கேட்காமல் மன்னிப்பைப் பிரசங்கிப்பதை மலிவான கிருபை என்று கண்டித்தார், அது சபையின் சத்துரு என்றார். எழுதியதற்கேற்ப வாழ்ந்து, 1945 ஏப்ரலில் தூக்குமேடையில் இறந்தவர் அவர்.

கடைசியில் எல்லோருமே ரட்சிக்கப்படுவார்கள் என்று நம்பும் சிறுபான்மை மரபு ஒன்றும் இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டு ஆரிஜெனில் தொடங்கி, 2019இல் புத்தகம் எழுதிய டேவிட் பென்ட்லி ஹார்ட் வரை அது நீள்கிறது. இரக்கமுள்ள எவரும் அந்தப் பக்கம் சாயத்தான் விரும்புவார்கள். ஆனால் அவர்கள்கூட மனந்திரும்பாமல் உள்ளே போகலாம் என்று சொல்வதில்லை. எவ்வளவு காலம் ஆனாலும், எந்த நெருப்பைக் கடந்தாலும், கடைசியில் எல்லோரும் திரும்பியே தீருவார்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே, வருந்தாத கொலைகாரன் வருந்தாதவனாகவே கடவுளின் சமாதானத்தில் இருக்கிறான் என்பதற்கு எந்தப் பக்கமும் ஆதாரம் இல்லை. அவன் இன்று மன்னிப்புக்கு வெளியே நிற்கிறான். நிறுத்தியவனும் அவனே.

அப்படியானால் பெலிசியாவும் நடீனும் கொடுத்தது என்ன? வெறும் உணர்ச்சிப் பேச்சா? இல்லை. பழிவாங்கும் உரிமையைத் தங்கள் கையிலிருந்து இறக்கிவைத்தார்கள். பழி தம்முடையது என்று கடவுள் சொல்வதாக ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் நினைவூட்டுகிறார்; அங்கே அவர் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை, மேலே அனுப்பச் சொல்கிறார். மேலே ஒரு நீதிபதி இருக்கிறார், அவர் தூங்கவில்லை என்று நம்புகிறவரால் மட்டும்தான் மகனைக் கொன்றவன் முகத்தைப் பார்த்து மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகமுடியும். நரகக் குழியைப் பற்றி டிசம்பரில் பேசிய வாய் ஜனவரியில் மன்னிப்பைப் பேசியதில் முரண் எங்கே இருக்கிறது? முதல் பேச்சில் இருக்கிற நம்பிக்கைதான் இரண்டாவதைச் சாத்தியமாக்கியது. தண்டனை நாளில் அவர் கையில், அன்றிரவு குண்டும் ரத்தமும் பட்ட அவருடைய பைபிள் இருந்தது. துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்திருந்தார்கள்.

இனி வெளியே இருந்தவர்கள் கதை. மன்னிப்புக் காணொளி உலகெங்கும் ஓடியது. எத்தனை உயர்ந்த மனிதர்கள் என்று பாராட்டினார்கள். பாராட்டிய பலருக்கு அது வசதியாகவும் இருந்தது. கறுப்பர்கள் மன்னித்துவிட்டார்கள், ஊரில் கலவரம் இல்லை, இனி அவரவர் வேலையைப் பார்க்கலாம். பாதிக்கப்பட்டவர் எழுதிக்கொடுத்த காசோலையை வழிப்போக்கர்கள் தங்கள் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த எழுத்தாளர் ரொக்ஸேன் கே அதே வாரத்தில் நியூயார்க் டைம்ஸ் இதழில், நான் அவனை மன்னிக்கவில்லை என்று எழுதினார். வெள்ளை அமெரிக்காவுக்குக் கறுப்பரின் மன்னிப்பு இத்தனை பிடிப்பது ஏன் என்று கேட்டார். அவரைக் கடின மனசுக்காரி என்றவர்கள் அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

அரசாங்கத்தின் நடத்தையைப் பாருங்கள். ரூஃப் அந்தத் துப்பாக்கியை வாங்கியிருக்கவே கூடாது. போதைப்பொருள் வழக்கில் அவன் ஏற்கெனவே கைதாகி, ஒப்புக்கொண்டும் இருந்தான். பின்னணியைச் சரிபார்க்கும் மத்தியப் புலனாய்வு அமைப்பு அந்தப் பதிவைத் தேடிப் பிடிக்கவில்லை. மூன்று வேலை நாட்களில் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்ற சட்டத்தின் ஓட்டை வழியாகத் துப்பாக்கி அவன் கைக்குப் போனது. தவறு நடந்தது என்று அமைப்பின் தலைவரே 2015 ஜூலையில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்தக் குடும்பங்கள் போட்ட வழக்கில் அரசு வருடக்கணக்காக எதிர்வாதம் செய்தது; 2021 அக்டோபரில்தான் 8.8 கோடி டாலர் தருவதாக ஒத்துக்கொண்டது. குடும்பங்களின் மன்னிப்பை அடக்க ஆராதனையில் புகழ்வதும் அவர்களின் உரிமையை நீதிமன்றத்தில் எதிர்ப்பதும் ஒரே அரசாங்கத்துக்குக் கூச்சமில்லாமல் முடிந்தது.

மன்னிக்காதவர்கள் என்ன ஆனார்கள்? ஈத்தல் லான்ஸுக்கு இன்னொரு மகள், ஷாரன் ரிஷர். குருத்துவப் பயிற்சி பெற்றவர், டல்லஸில் மருத்துவமனையொன்றில் சாவோடு போராடுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வதையே ஊழியமாகச் செய்துகொண்டிருந்தவர். தங்கை இரண்டாம் நாளில் மன்னித்தார். போதகரான அக்காள், என்னால் முடியவில்லை என்றார். பல மாதங்கள், வருடங்கள் போயின. பிறகு அவரும் மன்னித்தார், அதைப் புத்தகமாகவும் எழுதினார். சகோதரி சிந்தியா ஹர்டைப் பறிகொடுத்த அரசியல்வாதி மால்கம் கிரகாம், மன்னிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார். ஒரே தாயின் இரண்டு பெண்களிடமே ஒரே வேகத்தில் வராத ஒன்றை ஊரிலுள்ள துக்கப்பட்டவர்கள் எல்லோரிடமும் உடனே எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

வெளிப்படுத்தின விசேஷத்தில் பலிபீடத்தின் கீழே கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் வருகின்றன. பரலோகத்திலேயே இருப்பவர்கள், சாட்சிகளாக மடிந்த பரிசுத்தவான்கள். அவர்கள் கேட்பது என்ன? எங்கள் ரத்தத்துக்கு இன்னும் எத்தனை காலம் நியாயம் தீர்க்காமல் இருப்பீர் என்று உரக்கக் கேட்கிறார்கள். அங்கேயும் மன்னித்து மறந்துவிடு என்று யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. வெள்ளை அங்கி கொடுத்து, கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். நியாயம் கேட்டு அலறுவது பரலோகத்தில் பாவமில்லை என்றால் சார்ல்ஸ்டனில் எப்படிப் பாவமாகும்? மால்கம் கிரகாம் குறைந்த கிறிஸ்தவர் என்று சொல்ல எந்த மேடைக்கும் அதிகாரமில்லை. கேட்டு வருகிற சகோதரனை மன்னிக்க மறுப்பதைத்தான் இயேசு கண்டித்தார். ஒரு நாளில் ஏழு முறை அவன் வருந்தி வந்தால் ஏழு முறையும் மன்னிக்கச் சொன்னபோதும், அவன் வந்து நின்று மனஸ்தாபப்படுகிறேன் என்று சொல்வதை விட்டுவிடவில்லை. வராதவனுக்கும் மன்னிப்பைத் தயாராக வைத்திருப்பது மேலான கிருபை. அதைக் கொடுக்கிறவரின் காலில் விழலாம். கொடுக்காதவரை மிரட்டக்கூடாது.

மிரட்டுகிற வேலையை நம் சபைகளும் நன்றாகச் செய்கின்றன. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை விட்டுத் தாய் வீட்டுக்கு வந்த பெண்ணிடம், எழுபது தரம் ஏழு என்று வசனம் சொல்லித் திருப்பி அனுப்புகிற போதகர்களை அறியாத ஊர் எது? அவனிடம் போய், நீ மனந்திரும்பினாயா, குடியை விட்டாயா என்று அதே குரலில் கேட்பவர்கள் எத்தனை பேர்? வசனத்தில் பாதியைப் பெண்ணிடம் சொல்லி, மறுபாதியை ஆணிடம் சொல்லாமல் விடுவது போதனை ஆகாது. அது கட்டப்பஞ்சாயத்து.

இதன் பெரிய வடிவத்தை 2002இல் பாஸ்டன் நகரத்தில் உலகமே பார்த்தது. குழந்தைகளைக் கெடுத்த குருக்களை ஆயர் இல்லம் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தது. மன்னிப்பும் மறுவாய்ப்பும் கொடுத்ததாக அதற்குப் பெயர். கெட்டுப்போனது குழந்தைகளின் வாழ்க்கை, மன்னித்தது ஆயர்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். அடுத்தவன் பட்ட அடியை நான் மன்னிக்கிறேன் என்று சொல்ல மனிதரில் யாருக்கும் உரிமை இல்லை. அந்தத் துணிச்சலைத் தெய்வத்திடம் மட்டுமே கிறிஸ்தவம் ஏற்றுக்கொள்கிறது. பாவமன்னிப்புச் சொன்னதற்காகவே இயேசுவைத் தேவதூஷணக்காரர் என்று அன்றைய வேதபாரகர்கள் நினைத்ததற்குக் காரணமும் அதுவே.

நம் நாட்டில் இதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தவர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவருடைய கணவர் கிரகாமையும், 10 வயது பிலிப்பையும், 6 வயது திமோத்தியையும் வண்டியோடு எரித்தார்கள். கிளாடிஸ் உடனே மன்னித்தார். குஷ்டரோகிகளுக்கான பணியை விட்டுவிட்டு ஓடவும் இல்லை. ஆனால் மன்னிப்பும் குற்றத்துக்கான விளைவும் வேறு வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது என்று அவர் சொன்னதை நாடு வசதியாக மறந்தது. 2011 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்த தீர்ப்பிலேயே, ஸ்டெயின்ஸின் மதப்பணிக்குப் பாடம் புகட்டும் எண்ணத்தில் நடந்தது என்று ஒரு வாக்கியத்தை எழுதியது. எதிர்ப்பு எழுந்ததும் நான்கு நாளில் அதை நீக்கியது. கொலையாளிகளில் ஒருவரான மகேந்திர ஹெம்பிராம் 2025 ஏப்ரலில் விடுதலையாகி வெளியே வந்தபோது, தன்னைப் பொய்யாக மாட்டிவைத்தார்கள் என்றார். கால் நூற்றாண்டாக ஒருவர் மன்னிப்பை நீட்டிக்கொண்டிருக்கிறார், எதிரே இருப்பவர் எனக்கு அது தேவையே இல்லை என்கிறார். அதனால் கிளாடிஸின் மன்னிப்பு சிறுத்துவிடவில்லை. ஆனால் அவர் மன்னித்துவிட்டாரே என்று சொல்லி ஹெம்பிராமின் கணக்கை முடிக்க முடியாது.

இனி கடினமான பகுதி. மனந்திரும்பாத ரூஃபைக் கொல்லலாமா? வருந்தவே மாட்டேன் என்கிறவனுக்கு உயிர் எதற்கு என்று கேட்கும் கோபம் நமக்குப் புரிகிறது. கிறிஸ்தவர்களிலேயே பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் இங்கே அவர்களுடைய வேதமே குறுக்கே நிற்கிறது. முதல் கொலைகாரன் காயீன் வருந்தியதாக ஆதியாகமத்தில் எங்கேயும் இல்லை. நான் என்ன என் தம்பிக்குக் காவலாளியா என்று எதிர்க்கேள்வி கேட்டான். தண்டனை அதிகம் என்று முறையிட்டான். கடவுள் அவனைத் தண்டிக்காமல் விடவில்லை. சிந்திய ரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லி நாடுகடத்தினார். அதே கடவுள்தான் அவனை யாரும் கொன்றுவிடாதபடி அவன்மேல் அடையாளமும் போட்டார். குற்றத்தில் ஒரு குன்றிமணிகூடக் குறைக்கவில்லை, உயிரையும் எடுக்கவிடவில்லை. தெய்வ நீதி இன்னதென்று இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் சொல்லப்பட்டதாக நமக்குத் தெரியவில்லை.

மனந்திரும்பியவனைக் கொன்றால் அவன் ஆன்மா பத்திரம் என்றாவது வாதிடலாம். மனந்திரும்பாதவனைக் கொல்வது, அவன் திரும்பக்கூடிய நாட்களை நாமே எண்ணி முடிப்பது. மேல்நீதிமன்றம் ஒன்று இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு அந்த அவசரம் ஏன்? ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, கொன்றவர்களின் துணிகளுக்குக் காவல் நின்ற சவுல் அன்றைக்கு ஒன்றும் வருந்தவில்லை. அவனை அன்றே யாராவது தீர்த்துக்கட்டியிருந்தால் பவுல் இல்லை. ரூஃப் பவுலாக மாறுவான் என்று நாம் சொல்லவில்லை. மாறுவதற்கான ஒரு அறிகுறியும் அவனிடம் தெரியவில்லை. சாகும்வரை இப்படியே இருந்து செத்தும் போகலாம். அது அவன் பாடு, அவனைப் படைத்தவர் பாடு.

2024 டிசம்பரில் அதிபர் பைடன் மத்தியச் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த 40 பேரில் 37 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். குறைக்காமல் விட்ட மூவரில் ரூஃப் ஒருவன். பைடன் பக்தியுள்ள கத்தோலிக்கர். அவருடைய திருச்சபை 2018இலேயே மரண தண்டனையை எந்த நிலையிலும் ஏற்கமுடியாது என்று தன் மறைக்கல்வி நூலைத் திருத்திவிட்டது. மூன்று பேருக்கு மட்டும் விதிவிலக்கு எங்கிருந்து வந்தது? மிகக் கொடியவர்கள் என்பதால் என்றால், அந்தக் கேள்விக்கே இடமில்லாதபடிதான் அந்தத் திருத்தம் எழுதப்பட்டது. அவர் செய்தது தவறு. அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த மூவரையும் கொன்றால், அது அதைவிடப் பெரிய தவறு. ஷாரன் ரிஷர் மரண தண்டனைக்கு எதிராக இன்று ஊர் ஊராகப் பேசுகிறார். மன்னிக்கவே முடியவில்லை என்று ஒரு காலத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொன்ன அதே அம்மாள்தான்.

மரண தண்டனையை நீக்கினால் ரூஃப் வெளியே வந்துவிடுவானோ என்று யாரும் பயப்படவேண்டியதில்லை. மாநில நீதிமன்றத்தில் 2017 ஏப்ரலில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒன்பது பேருக்கும் ஒன்பது ஆயுள் தண்டனைகளை, ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கும்படி வாங்கியிருக்கிறான். வருந்தி ஒப்புக்கொண்டதாக அங்கேயும் அவன் சொல்லவில்லை. அந்த ஒன்பதும் அப்படியே இருக்கட்டும்.